அறுப்புக்கு இறங்கும் முன்: கண்ணாடி விரியன் கடிக்கு முன்னேற்பாடு செய்வது எப்படி

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அரிவாள் தீட்டும் சத்தம் கேட்கும். அது காதில் விழுந்ததும் நான் பழைய ரப்பர் செருப்பு ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். செருப்பு எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் சிரியம். இப்போது தன்லின் என்கிறார்கள். அதற்கும் தெற்கே வயல்காட்டில் பிறந்தவள் நான். ஆஸ்பத்திரி லேபில் 36 வருஷம் ரத்தமும் மூத்திரமும் பார்த்து ஓய்வு பெற்றாயிற்று. என் அண்ணன் மகன் இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் குத்தகைக்கு வயல் எடுத்திருக்கிறான். "அத்தை, பாம்பு கடிச்சா என்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிக்கிறேன்" என்றான். எழுத உட்கார்ந்தேன், ஒரு தாளில் அடங்கவில்லை. அவனுக்குச் சொன்னதையே வயல் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்தப் பாம்பு

நம் வயலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஒரே பாம்புதான். நாம் கண்ணாடி விரியன் என்போம், பர்மியர்கள் ம்வேப்வே என்பார்கள். தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி போல மூன்று வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகள். மிரண்டால் குக்கரில் ஆவி போவது போல நீளமாகச் சீறும். மலைப்பாம்புக் குட்டியை விரியன் என்று அடித்துப் போடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுக்கிறவர்கள்.

அண்ணன் மகன் போனில் தமிழ்நாட்டு வீடியோக்களாகப் பார்ப்பவன். "அங்க நாலு பாம்புக்கும் ஒரே மருந்தாமே அத்தை?" என்று கேட்டான். உண்மைதான். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே குப்பி. அந்த மருந்து செய்வதற்கான விஷத்தை மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் அது அங்கத்திய விரியனின் விஷம். நம் பக்கத்து விரியனைப் பாம்பு ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் விஷத்தின் கலவை வேறு. அதனால் முறிவு மருந்தை உள்ளூர் பாம்பின் விஷத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். ரங்கூனில் பி.பி.ஐ. என்ற அரசு மருந்துத் தொழிற்சாலை குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து அதைச் செய்கிறது. விரியனுக்குத் தனி, நாகத்துக்குத் தனி.

தனித்தனி மருந்து என்பதால்தான் நம் ஊரில் கடித்தது எது என்று தெரிவது இந்தியாவைவிட முக்கியமாகிறது. அதற்காகப் பாம்பைத் துரத்தி அடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், ரத்தமே சொல்லிவிடும்.

பையில் இருக்கும் பாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜோ ஸ்லோவின்ஸ்கி என்று ஒரு அமெரிக்கப் பாம்பு விஞ்ஞானி இருந்தார். நம் மாண்டலே பக்கத்து நாகத்தைத் தனி இனம் என்று 2000ல் இன்னொருவரோடு சேர்ந்து உலகுக்குச் சொன்னவர். 2001 செப்டம்பரில் கச்சின் மலைக்காட்டில், உதவியாள் பிடித்து வைத்திருந்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டு விரியன் வகை. கூட இருந்தவர்கள் மணிக்கணக்கில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தும் மறுநாள் போய்விட்டார். அத்தனை படித்தவருக்கே அப்படி என்றால், என் அண்ணன் மகன் எம்மாத்திரம்?

காலுக்கு என்ன போடுவது

கதிர் முற்றினால் எலி வரும், எலிக்குப் பின்னால் விரியன் வரும். அறுத்துப் போட்ட அரிக்கட்டின் கீழே நிழலும் குளிர்ச்சியும் இருக்கும், அங்கேதான் சுருண்டு கிடக்கும். மிதித்தால் கணுக்காலில் கடிக்கும். கட்டைத் தூக்கினால் கையில் கடிக்கும்.

பர்மிய ஆராய்ச்சியாளர்கள் வயலுக்கென்றே லேசான பூட்ஸ் செய்து விவசாயிகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பூட்ஸ் பாம்பை நிறுத்துமா என்பதைவிட மனுஷன் அதைப் போட்டுக்கொள்வானா என்பதுதான் பெரிய கேள்வி. நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு நடந்து பாருங்கள், சேறு காலைப் பிடித்து உறிஞ்சும், பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். அதனால் நடவுக்குப் பூட்ஸ் போடு என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. அறுப்பு வேறு. தரை காய்ந்திருக்கும், காலையில் குளிரும் இருக்கும். முழங்காலுக்குக் கீழே பாதிக் கெண்டைக்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் போதும். விரியனின் பல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளும். பூட்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லதல்ல, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஒரு அளவு பெரிதாக வாங்கித் தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் வாங்க முடியாதவர்கள் ஜீன்ஸ் போடலாம். சிரிக்காதீர்கள். 2009ல் கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சோதனை செய்தார்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பி மனுஷக் கை கால் மாதிரி செய்து, சிலவற்றை அப்படியே விட்டு, சிலவற்றின் மேல் ஜீன்ஸ் துணி சுற்றி, வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியனைக் கடிக்க விட்டார்கள். ஜீன்ஸ் இருந்ததில் உள்ளே இறங்கிய விஷத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. மீதி துணியோடு போயிற்று. அது வேறு பாம்பு, வேறு பல், அந்தக் கணக்கை அப்படியே நம் விரியனுக்குப் போட முடியாது. ஆனாலும் வெறுங்காலைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் வீட்டுப் பையன் ஜீன்ஸை ஊர் சுற்றப் போடுகிறான், வயலுக்கு மட்டும் அரைக்கால் சட்டையோடு போகிறான். இதை மாற்றுவதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

கைக்கு ஒரே வழிதான். அரிக்கட்டை எடுக்கும் முன் கம்பாலோ அரிவாள் முதுகாலோ ஒரு புரட்டுப் புரட்டுங்கள். இருட்டில் வரப்பில் நடந்தால் டார்ச் வேண்டும். போன் வெளிச்சம் போதாது.

செருப்பை வெட்டுவது

இப்போது செருப்புக்கு வருகிறேன். ம்வேப்வே கடிக்கு முதலுதவியாகக் கடிவாயின் மேல் ஒரு திண்டு வைத்து அழுத்திக் கட்டுகிற முறையைத் துன் பே என்ற பர்மிய ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் நோயாளிகளிடம் சோதித்து 1995ல் எழுதினார்கள். விஷம் பல் இறங்கிய இடத்தில் தோலுக்கடியில் தேங்கியிருக்கும், அங்கிருந்து நிணநீர்க் குழாய் வழியாகத்தான் மெல்ல மெல்ல ரத்தத்துக்குப் போய்ச் சேரும். அந்த இடத்தை மட்டும் அழுத்தி, காலை அசைக்காமல் வைத்தால் போகிற வேகம் குறையும். ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் அந்த நேரம்தான் எல்லாமே.

திண்டு 5 சென்டிமீட்டர் சதுரம், இரண்டரை சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். கடையில் தேட வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பின் குதிகால் பகுதியைச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, சைக்கிள் டியூப் ஒட்டுகிற பசையால் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். கனம் போதாவிட்டால் மூன்றாவது துண்டு. ஓரங்களைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் தோலை வெட்டும். மேலே சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றித் தையுங்கள். கூடவே ஒரு பேண்டேஜ், குறைந்தது 5 சென்டிமீட்டர் அகலம். பழைய கைலியை நீளமாகக் கிழித்து வைத்தாலும் சரி. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வயலுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கட்டும்போது திண்டு சரியாகக் கடிவாயின் மேல் இருக்க வேண்டும். அதன் மேல் பேண்டேஜைப் பல சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். இறுக்கம் திண்டு அமுங்குவதற்கு மட்டும்தான், காலை நெரிப்பதற்கு அல்ல. விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ கொஞ்சம் தளர்த்துங்கள். அப்புறம் மூங்கில் பட்டையோ கம்போ வைத்துக் காலை நீட்டிக் கட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஆரம்பிக்கும்வரை அவிழ்க்க வேண்டாம். வேறு நாட்டு விரியன்கள் சில கடித்த இடத்துச் சதையையே அழுகவைக்கும், அதனால் அங்கெல்லாம் அழுத்திக் கட்ட டாக்டர்கள் தயங்குவார்கள். நம் ம்வேப்வே குறி வைப்பது பெரும்பாலும் ரத்தத்தையும் கிட்னியையும். மரத்தில் கிடக்கிற பச்சை விரியன் கடித்திருந்தால் திண்டு வேண்டாம், அது ஏற்கெனவே வீங்கவைக்கும். காலை அசையாமல் வைத்தால் போதும்.

கடித்தவுடன்

மணி பாருங்கள். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரும் மறப்பது இதைத்தான். லேபுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் "எப்போ கடிச்சது?" என்று கேட்டால் "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி" என்பார்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று நான் எந்தக் கணக்கில் எழுதுவது? கடித்த நேரத்தைப் பேனாவால் காலிலேயே எழுதிவிடுங்கள்.

பாம்பை விட்டு விலகி, கடிபட்டவரை உட்காரவையுங்கள், நடக்க விடாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பச்சிலை அரைத்துப் பூசக் கூடாது, சாராயம் கொடுக்கக் கூடாது. வலி என்றால் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வேண்டவே வேண்டாம், அவை ரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

கயிறு கட்டுவதைப் பற்றி என் சித்தப்பாவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1986 அறுப்பில் அவரை விரியன் கடித்தது. கைலியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே மூன்று முடிச்சுப் போட்டார்கள். முதலில் மந்திரிக்கிறவரிடம் போனார்கள், அங்கே இரண்டு மணி நேரம். அப்போது தன்லின் பாலம் கிடையாது, 1993ல்தான் வந்தது. படகுத் துறையில் இன்னும் ஒரு மணி நேரம். ரங்கூன் ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது கால் கத்தரிக்காய் நிறம். உயிர் பிழைத்தார், இரண்டு விரல் போயிற்று. அவருடைய மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். யாராவது ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தால் வழியில் நீங்களாக அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் மொத்தமாக உள்ளே பாயும். டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது அவிழ்க்கட்டும்.

வண்டி எது கிடைக்கிறதோ அது. டிராக்டர் இழுக்கிற தோலாஜி வண்டி மெதுவாகப் போனாலும் படுக்கவைக்கலாம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்காரவைத்துக் கிளம்புவது மேல். நேபாளத்தில் தமக் என்ற ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற இளைஞர்களைத் தயார்ப்படுத்தி இப்படித்தான் பாம்புக்கடிச் சாவைக் குறைத்தார்கள். உங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற இரண்டு பையன்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இருபது நிமிடக் கண்ணாடி

இனி என் சொந்த வேலை. இதில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் சத்துகளை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டுத் தீர்த்துவிடும். பானையில் இருக்கிற அரிசியை எல்லாம் ஒரே நாளில் பொங்கித் தின்றால் மறுநாள் என்ன இருக்கும்? அப்படி, பிறகு எங்கே காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. ஈறில் கசியும், மூத்திரத்தில் வரும். விஷம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, டேவிட் வாரல் என்ற ஆங்கில டாக்டர் குழுவினர் 1977ல் நைஜீரியாவில் ஒரு சோதனை சொன்னார்கள். பிறகு அவரே இங்கு தாராவடியில் நம் டாக்டர்களோடு சேர்ந்து விரியன் கடியை ஆராய்ந்தார். சோதனை இவ்வளவுதான்: நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. உறைந்து நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறிவிட்டது, முறிவு மருந்து வேண்டும். மின்சாரம் வேண்டாம், மிஷின் வேண்டாம்.

ஆனால் அந்த மூன்று வார்த்தையில்தான் சூட்சுமம்: புதிய, சுத்தமான, கண்ணாடி. ரத்தத்தைத் தட்டி எழுப்பி உறைய வைப்பதே கண்ணாடிச் சுவர்தான். பிளாஸ்டிக் அப்படி எழுப்பாது. சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடியும் எழுப்பாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வெட்கக்கேடு. வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. குழாய்களுக்குத் தட்டுப்பாடு, பழையதைக் கழுவித்தான் ஓட்ட வேண்டும். நான் சுத்தக்காரி, சோப்புத்தூள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். அறுப்புக் காலத்தில் ஒரே நாள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் ரத்தமும் உறையவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மருந்து கொஞ்சமே இருந்தது. பெரிய டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், அதில் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "உன் ரத்தத்தை எடுத்து அதே மாதிரிக் குழாயில் விடு" என்றார். விட்டேன். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தேன், ஓடிற்று. அந்தக் கணக்குப்படி என்னையும் விரியன் கடித்திருக்க வேண்டும்.

ஸ்டோரில் மூலையில் கிடந்த, பிரிக்காத கண்ணாடிக் குப்பிகளைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தோம். வெற்றிலைக்காரர் ரத்தம் கெட்டியாக உறைந்தது. மற்றவருடையது ஓடியது. மருந்து அவருக்குப் போயிற்று. பெரிய டாக்டர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு பெட்டிக் குழாயிலும் ஒன்றில் என் ரத்தத்தை விட்டுப் பார்க்காமல் நோயாளிக்கு எடுத்ததில்லை.

இதை நீங்கள் வீட்டில் செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கூட நிற்கிறவர் செய்யக்கூடியது உண்டு. ரத்தம் எடுத்த மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் ஆகும் முன் யாரும் குழாயை ஆட்டிப் பார்த்தால் "ஸயாமா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்று பணிவாகச் சொல்லுங்கள் (நர்ஸை இங்கே ஸயாமா என்றுதான் கூப்பிடுவோம்). குழாய் கண்ணாடியா என்றும் கேட்கலாம். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். விஷம் மெதுவாக ஏறும், மறுபடி மறுபடி பார்க்க வேண்டும், குறைந்தது ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

ரத்தத்தை உறையவிடாமல் கெடுக்கிற இதே விஷத்தை, ஒரு சொட்டை நீரில் கரைத்துக் காயத்தில் வைத்தால் ரத்தம் பட்டென்று உறையும். 1934ல் லண்டனில் மேக்ஃபார்லேன் என்ற டாக்டரும் மிருகக்காட்சிசாலையின் பாம்புப் பொறுப்பாளர் பர்ஜஸ் பார்னெட்டும், பல் பிடுங்கினால்கூட ரத்தம் நிற்காத பரம்பரை நோய்க்காரர்களுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்த பார்னெட் பிற்பாடு நம் ரங்கூன் மிருகக்காட்சிசாலைக்கே பொறுப்பாளராக வந்தார். இன்றைக்கும் பெரிய லேபுகளில் ஒருவகை ரத்தப் பரிசோதனைக்கு விரியன் விஷத்தை நீர்க்கச் செய்து பயன்படுத்துகிறார்கள். எனக்கு இதைக் கேட்டபோது சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. அவரிடம் சொன்னேன். "அப்ப எனக்கு அளவு கூடிப்போச்சு" என்றார்.

மருந்து ஏறும்போது, ஏறிய பிறகு

குதிரை ரத்தத்தில் செய்தது என்பதால் சிலருக்கு ஒவ்வாது. உடம்பு அரிக்கும், தடிக்கும், நடுக்கம் வரும், மூச்சு இழுக்கும். முதல் அரிப்பிலேயே நர்ஸைக் கூப்பிடுங்கள், அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து அதே குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்வார்கள். ஏன் 6 மணி நேரம் என்றால், மருந்து விஷத்தைத்தான் பிடிக்கும், தீர்ந்துபோன உறைசத்தைக் கொண்டுவந்து போடாது. அதைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அப்போதும் ஓடினால் இன்னொரு தடவை மருந்து.

மூத்திரத்தை அளப்பது சொந்தக்காரர்கள் வேலை, யாரும் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் மணியோடு எழுதுங்கள். ஒரு நாளைக்கு 400 மில்லிக்குக் கீழே போனால் கிட்னி மடங்குகிறது என்று அர்த்தம். நிறம் தேநீர் மாதிரி கறுத்தாலும் உடனே சொல்லுங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதி ஜெல்லி மாதிரி உப்பினால் அதையும் சொல்லுங்கள், உள்ளே ரத்தக் குழாய்கள் கசிகின்றன என்று அது காட்டும். டயாலிசிஸ் உள்ள ஊருக்கு மாற்றுவது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சித்தப்பாவின் தாடி

பிழைத்து வீடு வந்த சித்தப்பாவுக்கு இரண்டு வருஷத்தில் தாடி முளைப்பது நின்றுபோயிற்று. சித்திரை வெயிலில் போர்வை கேட்பார். உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். முகம் வெளிறி, மீசை கொட்டி, அறுபது வயதுக் கிழவி மாதிரி ஆனார், அப்போது அவருக்கு நாற்பதுகூட இல்லை. சித்தி என் அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்ன இன்னொன்றும் உண்டு. ஊரில் நாக சாபம் என்றார்கள், பரிகாரம் செய்து பால் ஊற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் இதைச் சாதாரணமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1987ல்தான் துன் பே, வாரல் முதலியவர்கள் இதை லண்டன் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள்: விரியன் கடித்துப் பிழைத்த சிலருக்கு மூளையின் அடியில் இருக்கிற பட்டாணி அளவுப் பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தம் கசிந்து அது செத்துப்போகிறது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போன பெண்களுக்கு வருகிற அதே கோளாறு. மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் சித்தப்பா என்னைப் பார்த்துத் தாடையைத் தடவிக் காட்டினார், சொரசொரவென்று இருந்தது.

அதனால் கடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கண் வைத்திருங்கள். ஓயாத அசதி, குளிர், முடி கொட்டல், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது, இவற்றில் எது வந்தாலும் டாக்டரிடம் "விரியன் கடித்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

அறுப்புக்கு ஒரு வாரம் முன்

பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் மூன்று கேள்வி கேளுங்கள். விரியன் மருந்து இருக்கிறதா? ஐஸ்பெட்டி ஓடுகிறதா? இல்லையென்றால் அடுத்து எங்கே போக வேண்டும்? திரவ மருந்து குளிர்ச்சி இல்லாமல் கெட்டுவிடும், மின்சாரம் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தார் நம் நாட்டில் பாம்புக்கடி வேலை செய்தபோது மாண்டலே பக்கத்துக் கிராம நிலையங்களுக்குச் சூரிய ஒளியில் ஓடும் ஐஸ்பெட்டிகள் வைத்தது அதற்காகத்தான். கடித்த பிறகு இருட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

போன வியாழக்கிழமை நானும் அண்ணன் மகனும் போனோம். ஸயாமா பெட்டியைத் திறந்து காட்டினார். குப்பிகள் இருந்தன, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் தேதியையும் படித்தேன். பையன் வாசலில் நின்று மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற இரண்டு பேருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தான். காலில் அரைக்கால் சட்டைதான்.